கொலோனோஸ்கோபிக்கு முன் சாப்பாட்டுக் கட்டுப்பாடு: எத்தனை நாள், எதற்காக?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அவருக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் பரிசோதனை. கையில் கொடுத்த தாளில் மூன்று நாள் நார்ச்சத்து வேண்டாம் என்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், முந்தின நாள் மட்டும் கவனித்தால் போதும் என்கிறார். இன்னொருவர், இரண்டு நாள் பட்டினி இருந்தால் குடலைச் சுத்தமாக்கக் கொடுத்த பேதி மருந்தில் பாதியைக் குடித்தாலே போதும் என்கிறார். எப்படியும் எல்லாம் பேதியாகப் போகத்தானே போகிறது, பிறகு சாப்பாட்டில் ஏன் இவ்வளவு கெடுபிடி? போதாக்குறைக்கு, திங்கள் இரவு மறந்துபோய் மக்காச்சோளம் சாப்பிட்டுவிட்டார். தேதியைத் தள்ளிப்போட வேண்டுமா?

பார்த்தால் நான்கு கேள்விகள். ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தக் கட்டுப்பாடுகளில் எது எந்த வேலையைச் செய்கிறது, எதில் கொஞ்சம் இடம் உண்டு, எதில் துளியும் இல்லை? அது புரிந்துவிட்டால் தாளில் எழுதாமல் விட்டதையும் நீங்களே முடிவுசெய்யலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொலோனோஸ்கோப் என்பது நுனியில் கேமராவும் விளக்கும் கொண்ட வளையும் குழாய். அதற்குள்ளேயே ஒரு மெல்லிய வழி ஓடுகிறது. பெரியவர்களுக்கான கருவியில் அதன் உள்விட்டம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த வழியாகத்தான் உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சுகிறார்கள், பாலிப்பை (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டியை) எடுக்கும் கம்பியையும் செலுத்துகிறார்கள். மஞ்சள் நிறத் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் சில நொடிகளில் உறிஞ்சிவிடலாம். மாதுளை விதையோ தக்காளித் தோலோ சோளத்தின் மேல்தோலோ வந்து அடைத்தால் உறிஞ்சுவது நின்றுபோகும். அடைப்பை எடுத்துவிட்டுத் தொடர்வார்கள், மறுபடி அடைக்கும். விதையும் தோலும் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இவ்வளவு எளியது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் சில பாலிப்புகள் காம்பு வைத்து எழும்பி நிற்பதில்லை. சுவரோடு சுவராகத் தட்டையாகப் படிந்து, மேலே சளிப்படலத்தைப் போர்த்திக்கொண்டு இருக்கும். நகத்தளவு மலம் ஒட்டியிருந்தாலே அவை கண்ணுக்குத் தப்பிவிடும். புற்றுநோயாக மாறக்கூடியதை முன்கூட்டியே கண்டு எடுப்பதற்குத்தான் பலருக்கு இந்தப் பரிசோதனை என்பதால், பாதி சுத்தமான குடலைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்புவது உண்மையான இழப்பு.

இப்போது சாப்பாடு. வெள்ளைச் சோறு, ரொட்டி, முட்டை, மீன் போன்றவற்றில் இருக்கும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தின் பருமனைக் கூட்டும். மற்ற நாட்களில் நமக்கு வேண்டியதும் அதுதான். இந்தச் சில நாட்களில் மட்டும் அது வேண்டாம். பெருங்குடலைக் கடக்க உணவின் மிச்சத்துக்குச் சராசரியாக ஒன்றரை நாள் ஆகிறது. நோய் எதுவும் இல்லாதவர்களிலேயே சிலருக்கு மூன்று நாள்வரை ஆகும். ஆகவே இன்று தின்ற விதை நாளை மறுநாளும் உள்ளே இருக்கலாம். பேதி மருந்து திரவத்தையும் மென்மையான மலத்தையும் அடித்துக்கொண்டு போகும். ஆனால் குடல் மடிப்புகளில் தங்கிய விதையையும் நாரையும் அதே எளிதில் நகர்த்தாது. எல்லாம் போகத்தானே போகிறது என்ற வாதம் இடறும் இடம் இதுதான்.

நார் குறைந்த சாப்பாடு என்று சொல்லும்போது பொதுவாக ஒரு நாளைக்கு 10 கிராமுக்குள் நார்ச்சத்து இருக்கும்படி பார்த்துக்கொள்வதைக் குறிக்கிறார்கள். யாரும் வீட்டில் கிராம் கணக்குப் போடப்போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி, மைதாவில் செய்த ரொட்டி, நூடுல்ஸ், தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தயிர், பாலாடைக்கட்டி ஆகியவை இந்தக் கட்டத்தில் சரி. முழுத்தானியம், தவிட்டோடு உள்ள மாவு, பருப்பு, பயறு, கொட்டை வகைகள், கீரை, காளான், சோளம், பச்சைக் காய்கள், தோலும் விதையும் உள்ள பழங்கள், உலர்பழம் எல்லாம் விலக்கு. அதிகம் தவறுவது பெரிய உணவுகளில் அல்ல, மேலே தூவுவதில்தான். சோறு சரிதான், ஆனால் அதில் போட்ட எள், கடுகு, சீரகம், மிளகாய் விதை, துருவிய தேங்காய்? ரொட்டி வெள்ளைதான், ஆனால் மேலே ஒட்டிய விதைகள்? பழ ஜாமில் உள்ள விதைகள்? இவற்றை யாரும் சாப்பாடாகவே கணக்கில் எடுப்பதில்லை, குழாயின் நுனியில் தெரிவதோ பெரும்பாலும் இவைதான். சமைக்கும்போது விதையைத் தவிர்த்துவிட்டு, பொடியாக அரைத்ததைக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் தாள்களுக்குள் வேறுபாடு. இதில் உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். குடல் சுத்தமாவதில் சிக்கல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாத ஒருவருக்கு, பரிசோதனைக்கு முந்தின ஒரு நாள் உணவைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், அமெரிக்காவின் பெருங்குடல் புற்றுநோய்க்கான பல சங்கங்களின் கூட்டுக்குழு 2025-இல் வெளியிட்ட பரிந்துரையும் சொல்கின்றன. அந்த ஒரு நாளும் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும் குடிக்க வேண்டியதில்லை. காலையும் மதியமும் நார் குறைந்த உணவைச் சாப்பிட்டாலும் குடல் சுத்தமாவதில் பின்னடைவு இல்லை, பசியும் தலைவலியும் குறைவு. இதுவரை ஆதாரம் வலுவானது. அப்படியானால் மூன்று நாள் என்று எழுதுவது தவறா? அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் கட்டுப்பாடு எல்லோருக்கும் கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் மெல்லியதுதான். ஆனால் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர், முன்பு ஒருமுறை குடல் சரியாகச் சுத்தமாகாமல் திருப்பி அனுப்பப்பட்டவர், ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலிமாத்திரை எடுப்பவர், நெடுநாள் நீரிழிவுக்காரர், பக்கவாதமோ பார்கின்சனோ இருந்து நடமாட்டம் குறைந்தவர், இவர்களுக்கெல்லாம் குடல் மெதுவாக நகரும். அவர்களுக்கு முன்கூட்டியே தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் தாளை எழுதியவருக்கு உங்கள் உடல்நிலை தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தாள் மூன்று நாள் என்றால் மூன்று நாள் இருங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை.

பட்டினி யோசனையை மட்டும் முழுதாகக் கைவிடச் சொல்வேன். நீங்கள் ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் பெருங்குடல் காலியாக இராது. முன்பே தேங்கிய மலம் அங்கேயே இருக்கும். அதோடு பித்தநீரும் குடல் சுரப்புகளும் உதிர்ந்த செல்களும் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குத் தினமும் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை திரவம் இறங்குகிறது. மலத்தின் திடப்பொருளில் கணிசமான பங்கு பாக்டீரியாக்களே. இவற்றை வெளியேற்றும் வேலையைப் பட்டினியால் செய்ய முடியாது, மருந்தால்தான் முடியும். இரண்டு நாள் வெறும் வயிறோடு இருந்து, நீர்ச்சத்து குறைந்த உடலோடு பேதி மருந்தைக் குடித்தால் மயக்கம் வரும், வாந்தி வரும், கடைசியில் மருந்தும் பாதியிலேயே நின்றுவிடும். பாதி மருந்து என்ற கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு, தாள் சொல்லும் நேரத்திலிருந்து, தெளிந்த திரவம் மட்டும். தெளிந்தது என்றால் நிறமே இல்லாதது என்று பொருளல்ல. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடிந்தால் அது தெளிந்த திரவம். தண்ணீர், வடிகட்டிய ஆப்பிள் சாறு, சக்கை இல்லாத எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர், கறுப்புக் காபி, வடிகட்டிய காய்கறி அல்லது கோழித் தெளிசாறு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், ஜெலட்டின் ஆகியவை சேரும். பால், மோர், மாவு கரைந்து வெண்மையாகத் தெரியும் எதுவும், ஆரஞ்சுச் சக்கை மிதக்கும் சாறு, கெட்டியான சூப் சேராது. கொஞ்சம் பால்தானே என்று தேநீரில் கலப்பவர்கள் பலர். பால் வயிற்றில் திரிந்து திடப்பொருளாகிவிடும். பரிசோதனையின்போது மயக்க மருந்து தருபவர்கள் அதைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் வைப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம், பாலுக்கும் இலகுவான உணவுக்கும் குறைந்தது 6 மணி நேரம் என்ற இடைவெளி. சிவப்பும் ஊதாவுமான பானங்களைத் தவிர்ப்பது வேறு காரணத்துக்கு: குடல் சுவரில் படிந்த சாயம் இரத்தம்போலத் தோன்றும். மதுவும் வேண்டாம், நீர்ச்சத்தை அது மேலும் குறைக்கும்.

தெளிந்த திரவம் என்றதும் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களும் உண்டு. இது நல்லதல்ல. பேதியோடு உப்புகளும் போகின்றன. வெறும் நீர் மட்டுமே உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பம், சில சமயம் வலிப்புகூட வரலாம். வயதானவர்களுக்கும், நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கும், சோடியம் பிகோசல்பேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் கலந்த மருந்தைக் குடிப்பவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல். குடிப்பதில் ஒரு பங்காவது உப்புள்ள தெளிசாறாகவோ உப்பு-சர்க்கரை நீராகவோ இருக்கட்டும்.

உணவைவிடவும் தீர்மானமானது மருந்தைக் குடிக்கும் நேரம். முழு மருந்தையும் முந்தின மாலையே குடித்து முடித்தால், இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தம் கலந்த பசை வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். மறைந்திருக்கும் தட்டைப் பாலிப்புகளுக்கும் அதே இடம்தான். ஆகவே மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முந்தின மாலையிலும் மறு பாதியைப் பரிசோதனை அன்று அதிகாலையிலும் குடிக்க வேண்டும். இதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன் முடிக்க வேண்டும். உங்களுக்கு 10 மணி என்றால் 5 மணிக்குத் தொடங்கினால் 7 மணிக்குள் முடித்துவிடலாம்; 8 மணிக்குப் பிறகு வாயில் எதுவும் படக்கூடாது. அதிகாலை எழுவது சிரமம் என்று இதைத் தவிர்ப்பதைவிட, முந்தின நாள் மதியம் கூடக் கொஞ்சம் சாப்பிட்டது மன்னிக்கத்தக்க தவறு. உங்கள் தாள் முழு மருந்தையும் முந்தின இரவே குடிக்கச் சொன்னால், பிரித்துக் குடிக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பரிசோதனை பிற்பகலில் என்றால் முழு மருந்தையும் அன்று காலையே குடிப்பதும் உண்டு.

நீரில் கரைத்துக் குடிக்கும் பேதி மருந்தான பாலிஎத்திலீன் கிளைகாலில் 4 லிட்டர் முறையானால் 2 லிட்டர், 2 லிட்டராக வரும். 250 மி.லி. அளவுக் கோப்பையில் 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒன்று. உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் குமட்டல் கூடும். குளிரவைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கமாக வைத்து, ஒரே மூச்சில் இறக்குவது எளிது. இடையில் எலுமிச்சைத் துண்டை நக்கலாம், சிவப்பல்லாத கடினமான மிட்டாயைச் சப்பலாம். வாந்தி வந்தால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்குங்கள். தாள் சொல்லாத எதையும் மருந்தில் கலக்காதீர்கள். முதல் கோப்பைக்குப் பின் ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூட ஒன்றும் ஆகாமல் இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் வயிறு ஊதிக்கொண்டே போய், கடும் வலி வந்து, காற்றும் மலமும் வெளியேறவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். குடலில் அடைப்பு இருக்கலாம். ஆசனவாயில் முதலிலிருந்தே வாசலின் தடவிக்கொண்டு, ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தால் எரிச்சல் இராது.

இன்னொரு பொதுவான தவறு, இரவு பத்து மணிக்குத் தண்ணீராகப் போனதும் இனித் தேவையில்லை என்று இரண்டாம் பாதியை விட்டுவிடுவது. தண்ணீராகப் போவது மட்டும் அடையாளமல்ல, நிறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத் தண்ணீர் போதாது. துகள் இல்லாமல், சிறுநீர்போல வெளிர்மஞ்சளாக, அடியில் பீங்கான் தெரிய வேண்டும். மருத்துவர்கள் இதைப் பாஸ்டன் அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். பெருங்குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 வாங்கினால்தான் பார்த்ததை நம்பலாம். வாங்காவிட்டால் ஓராண்டுக்குள், பெரும்பாலும் அதற்கும் முன்பே, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்தது என்பதால் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கும், குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இசப்கோல் போன்ற நார்த்தூள்களுக்கும் அதே கதி. நீரிழிவுக்காரர்கள் சாப்பாடு குறையும் நாளில் வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ அப்படியே எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம், ஏனெனில் சர்க்கரை அளவு உயராமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இந்த நாளில் சர்க்கரை இல்லாத பானங்களை மட்டுமே குடித்துக்கொண்டிருக்காதீர்கள். தாழ்ந்தால் குடிக்கத் தெளிந்த இனிப்புச் சாறு பக்கத்தில் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. அளவுகளை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டோடு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பேதி மருந்து குடிக்கத் தொடங்குவதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கிய எந்த மாத்திரையும் உடலில் சேராமல் அடித்துக்கொண்டு போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொடுத்த மருந்துக்குப் பதில் வீட்டில் இருக்கும் வேறு பேதி மருந்தை எடுக்கவும் கூடாது. வாய்வழிக் குடிக்கும் சோடியம் பாஸ்பேட் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தியதால், 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. மக்னீசியம் கலந்தவை சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. மானிட்டால் போன்றவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். மின்சாரக் கம்பியால் பாலிப்பை அறுக்கும்போது அது வெடித்த நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் உண்டு.

கடைசியாக, திங்கள் இரவுச் சோளம். பரிசோதனை வியாழன் காலை என்றால் நடுவில் இரண்டரை நாள் இருக்கிறது. மலச்சிக்கல் இல்லாதவர் என்றால் இதற்காகத் தேதியை மாற்ற வேண்டியிராது. இன்றிலிருந்து கட்டுப்பாட்டைச் சரியாகப் பிடித்து, திரவம் நிறையக் குடித்து, இரண்டு பாதி மருந்தையும் முழுதாக முடியுங்கள். மலச்சிக்கல் உள்ளவர் என்றால் இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து நடந்ததைச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஒரு இலகுவான மலமிளக்கி சேர்க்கலாமா என்று அவர்கள் முடிவுசெய்வார்கள். வியாழன் காலை 7 மணிக்கும் பழுப்பாகவோ துகள்களோடோ போனால், சோளம் சாப்பிட்டதையும் சேர்த்து, கிளம்புமுன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கூடுதல் மருந்து கொடுத்துச் சில மணி நேரம் தள்ளி அன்றே செய்ய முடியும் நிலைமைகள் உண்டு. மறைத்துவிட்டுப் படுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.